366 ராத்திரி, 290 பார்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அது சரியாக இல்லாவிட்டால் மேலே எழுத ஓடாது.

2024 லீப் வருடம். மொத்தம் 366 ராத்திரி. அதில் 58 ராத்திரி சேலத்தில் வீட்டில் இருந்தேன். 11 ராத்திரி டெங்குக் காய்ச்சலில் கிடந்தேன். 7 ராத்திரி பெங்களூரில் எந்தப் பாரும் திறக்கவில்லை. மிச்சம் 290. அந்த 290 ராத்திரியும் பெங்களூரில் ஒவ்வொரு பாராகப் போய் உட்கார்ந்தேன். ஒருமுறை போன இடத்துக்கு மறுமுறை போகக் கூடாது என்பது விதி. "வருஷம் முழுக்க தினம் ஒரு பாருக்குப் போன ஆள்" என்று நண்பர்கள் அறிமுகப்படுத்தும்போது நான் திருத்துவதில்லை. இங்கே திருத்திவிட்டேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த 290 ராத்திரியில் நான் குடித்தது 57. மற்ற 233 ராத்திரியும் லைம் சோடா.

எங்கள் வீட்டில் குடி என்பது கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம். சம்பள நாளில் அப்பா ஒரு குவார்ட்டரை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வருவார். யாரையும் பார்க்காமல் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்து, ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நானும் அப்படித்தான் குடிக்கக் கற்றுக்கொண்டேன்: எப்போதாவது, அவசரமாக, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தோடு.

2023 கடைசியில் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. மகள் அப்போது பிளஸ் ஒன். அவளை இடம் மாற்ற முடியாது. அதனால் குடும்பம் சேலத்தில், நான் இந்திராநகர்ப் பக்கம் ஒரு பி.ஜி.யில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியில். 44 வயதில் பி.ஜி. வாழ்க்கை என்பது தனி ரகம். கூட இருந்த பையன்களுக்கு 23, 24 வயது. எனக்கு "அங்கிள்" என்று பெயர் வைத்து, குளியலறை வரிசையில் மட்டும் முதலிடம் தந்தார்கள். மாலை ஏழு மணிக்கு அறைக்கு வந்தால் பார்ப்பதற்குச் சுவர்தான். ஆபீசில் ஒருவர் பேச்சுவாக்கில், "இந்த ஊர்ல தினம் ஒரு பாருக்குப் போனாலும் ஒரு வருஷத்துல முடிக்க முடியாது சார்" என்றார். ஆடிட் வேலை பார்க்கிறவனிடம் அப்படிச் சொல்லக் கூடாது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன்.

ஜனவரி முதல் தேதியிலிருந்து 12 நாள் தொடர்ந்து குடித்தேன். அதிகமில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஒரு பாட்டில் பீர், ஒரு நாள் இரண்டு பெக். ஐந்தாம் நாள் நெஞ்செரிச்சல். எட்டாம் நாளிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு. அதற்குப் பிறகு தூக்கம் வராது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது முகம் ஊதியிருந்தது. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, கேள்விதான் கேட்டாள்.

"தினமும் போறீங்களா, தினமும் குடிக்கிறீங்களா? ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

எனக்கு அதுவரை இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. போவது என்றால் குடிப்பது. இல்லாவிட்டால் எதற்குப் போக வேண்டும்? ஆனால் அவள் கேட்ட பிறகுதான் அது இரண்டு வேலை என்று புரிந்தது. வாரத்தில் ஒரு ராத்திரி மட்டும் குடிப்பது, அதுவும் ஒரு லார்ஜ் அல்லது ஒரு சாதா பீரோடு நிறுத்துவது, மற்ற நாளெல்லாம் சோடா என்று அங்கேயே பேசி முடித்தோம். சோடா ராத்திரிகளில் டம்ளரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவள் சேர்த்த ஷரத்து. முதல் போட்டோவுக்கு வந்த பதில்: "இதுல ஜின் இல்லைன்னு என்ன நிச்சயம்?"

பொங்கல் முடிந்து வந்ததும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். குடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. நம் நாட்டில் விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால். ஒரு லார்ஜ் என்பது 60 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 20 கிராம். சரி, இப்போது பீருக்கு வருவோம். பெரிய பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 41 கிராம். அதாவது "நான் பீர் மட்டும்தான்" என்று சொல்கிற ஆள் ஒரு பாட்டில் ஸ்ட்ராங்கை முடித்தால் இரண்டு லார்ஜ் விஸ்கி உள்ளே போயாயிற்று. சாதா பீர் என்றால் 5 சதவீதத்துக்குள், 25 கிராம் சொச்சம். உடம்பு ஒரு மணி நேரத்தில் எரித்துத் தள்ளுவது சுமார் 7, 8 கிராம்தான். ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம். என் மூன்று மணி விழிப்புக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதே கணக்கு இன்னும் கறார். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை. எழுபது கிலோ ஆளை ஒரே ஒரு லார்ஜ் அதற்கு மேலே கொண்டுபோய்விடும். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ரெண்டு ரவுண்டுதான், நிதானமா ஓட்டுவேன்" என்று சொன்ன குறைந்தது முப்பது பேரை நான் அந்த வருஷத்தில் பார்த்தேன். நான் வண்டியே வைத்துக்கொள்ளவில்லை. பட்டியலையே மெட்ரோவை வைத்துத்தான் போட்டேன். ஊதா லைன் ஒயிட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டா வரை முழுசாகத் திறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷம் நடக்கிற தூரத்துக்குள் இருக்கிற பார்களை முதலில் முடிப்பது, அப்புறம் பச்சை லைன், அதற்கும் அப்புறம் ஆட்டோ. தெருத் தெருவாக நடந்துதான் இந்த ஊர் எனக்குப் பழகியது.

பெங்களூரில் பார் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து ஜாதி இருக்கிறது. அடிமட்டத்தில் எம்.ஆர்.பி. கடை, அதாவது பாட்டிலில் அச்சிட்ட விலைக்கே விற்கிற கடை. சட்டைப்பையில் இருக்கும் காசுக்கு ஒரு 'நைன்டி' வாங்கி, நின்றபடியே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களின் இடம். 90 மில்லி விஸ்கி ஜூஸ் மாதிரி அட்டைப் பெட்டியில் வரும் என்று ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். சாராயத்தைக் கர்நாடக அரசு 2007 ஜூலையில் நிறுத்தியது. பாக்கெட் சாராயத்தின் இடத்தை இந்தப் பெட்டி விஸ்கி பிடித்துக்கொண்டதாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். மதுவுக்கு இங்கே செல்லப் பெயர் 'எண்ணெ'. முதல் வாரத்தில் பக்கத்து மேஜைக்காரர், "எண்ணெ பேடவா?" (எண்ணெ வேண்டாமா?) என்று கேட்டபோது, தலைக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, காலையிலேயே தேய்த்துவிட்டேன் என்றேன்.

அதற்கு மேலே 'பார் அண்ட் ரெஸ்டாரன்ட்'. என் நோட்டில் பாதிக்கு மேல் இதுதான். கீழே இருட்டு, மின்விசிறி, சிவப்பு பல்பு, தடுப்பு வைத்த மேஜைகள். மாடியில் ஏ.சி.யும் 'ஃபேமிலி' பகுதியும். முதல்முறை அந்த மாடிக்கு ஏறியபோது ஒரு பாட்டி கபாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே தாத்தா பீரோடு இருந்தார். பேரன் மேஜைக்கடியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் திகைத்துப்போய் நின்றேன். மொட்டை மாடிப் படியில் இருந்த அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது. இது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தால் மூன்றாவது ரவுண்டு சொல்ல ஆம்பளைக்குக் கை வராது என்பதை அந்த மாடிகளில் பலமுறை பார்த்தேன்.

சர்ச் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோடு பப்புகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சொந்தமாகப் பீர் காய்ச்சுகிற மைக்ரோ புரூவரிகளைப் பற்றி அதைவிட அதிகமாக. இருபத்தெட்டுக்குப் போனேன். கோதுமை பீர் நன்றாக இருந்தது. சத்தத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. பில்லைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தேன். அவ்வளவுதான்.

பில் என்றதும் ஒன்று. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது மாநில வரிக்குள் வருகிற சரக்கு. சாப்பாட்டுக்கு மட்டும்தான் 5 சதவீதம். மொத்தத் தொகைக்கும் ஜி.எஸ்.டி. போட்டு நீட்டிய பில் எனக்கு ஏழு முறை வந்தது. சத்தம் போடாமல், விரலை வைத்துக் காட்டினால் போதும்; உடனே மாற்றித் தந்துவிடுவார்கள். தெரியாமல் நடந்ததா தெரிந்தே நடந்ததா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

பாரில் சோடா மட்டும் குடிக்கிறவனாக உட்கார்ந்திருப்பது ஒரு கலை. எனக்கு அது படிய ஏப்ரல் ஆகிவிட்டது. முதல் சிக்கல் சர்வர். ஒரு மேஜை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும் என்று அவருக்குக் கணக்கு இருக்கிறது. நான் அதைக் கெடுக்கிறேன். அதனால் கூட்டம் ஏறாத ஆறரை மணிக்குப் போனேன். நாலு பேர் உட்காருகிற மேஜையைத் தொடமாட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில், யாரும் விரும்பாத ஓரத்து நாற்காலிதான் எனக்கு. உட்கார்ந்ததுமே ஏதாவது சாப்பிடச் சொல்லிவிடுவேன். முட்டை புர்ஜியோ காங்கிரஸ் கடலையோ. (காங்கிரஸ் கடலை என்பது இந்த ஊரில் மசாலா பிரட்டிய வேர்க்கடலை. பெயருக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.) டிப்ஸை எழுந்திருக்கும்போது வைப்பதைவிட முதல் தட்டு வந்ததுமே இருபது ரூபாயாகக் கையில் கொடுத்துவிட்டால், அப்புறம் அந்த ஓரத்து நாற்காலி நமக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

இரண்டாவது சிக்கல் பக்கத்து மேஜைக்காரர். "ஒன்னே ஒன்னு போடுங்க சார்." குடிக்கிறதில்லை என்று சொன்னால் அவரை நான் எடைபோடுவதாக நினைத்து முகம் சுருங்கும். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கொஞ்ச நாள் சொன்னேன். உடனே நிறுத்திவிடுவார்கள்தான், ஆனால் "என்ன வியாதி?" என்று ஆரம்பித்து, தன் மாமாவுக்கு வந்த சர்க்கரை வரை போய்விடும். கடைசியில் கைகொடுத்தது, "இன்னைக்கு என் முறை இல்லை" என்ற பதில். என்ன முறை என்று யாரும் கேட்டதில்லை. அவரவருக்கு ஒரு முறை இருக்கிறது போல.

மூன்றாவது, நேரம். ஏழு மணிக்குப் பாரில் நடக்கிற பேச்சு வேலையைப் பற்றி. எட்டு மணிக்கு வீட்டைப் பற்றி. எட்டரையிலிருந்து ஒன்பதே கால் வரை நல்ல பேச்சு வரும். மனசில் இருப்பதைச் சிரித்துக்கொண்டே சொல்கிற நேரம் அது. ஒன்பதரைக்கு மேல் சொன்னதே திரும்ப வரும், கொஞ்சம் சத்தமாக. குடிக்காதவனுக்கு அதற்குமேல் அங்கே வேலையில்லை. இதை மீறி உட்கார்ந்த ராத்திரிகளில்தான் எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை.

நுழைந்ததும் முதலில் பாத்ரூமைப் பார்த்துவிடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அடுப்படியை யாரும் காட்டமாட்டார்கள். பாத்ரூமை வைத்துக் கணிக்க வேண்டியதுதான். அது சரியில்லாத இடங்களில் வறுத்த கடலையோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் மாதம் பெங்களூரில் தண்ணீர் இல்லை. போர்வெல்கள் வற்றி, டேங்கர் லாரிகளுக்கு ஊரே வரிசையில் நின்ற மாதம். நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காவிரியை நம்பித்தான் இந்த ஊர் இருக்கிறது என்று பேப்பரில் படிப்பது வேறு, கை கழுவக் குழாயைத் திறந்தால் காற்று வருவது வேறு. அந்த மாதத்தில் ஒரு நாள் மர்ஃபி டவுன் பக்கம் ஒரு சின்ன பார் அண்ட் ரெஸ்டாரன்டுக்குப் போனேன். அல்சூரும் அதைச் சுற்றியுள்ள பேட்டைகளும் கண்டோன்மென்ட் காலத்துத் தமிழர் பகுதிகள். 1809இல் வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே முகாம் போட்டபோது மெட்ராஸ் பக்கத்திலிருந்து கூடவே வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலை. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய மனுஷர். அந்தப் பக்கத்து பார்களுக்குப் போகும்போதெல்லாம் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சோடா நாட்களில் நிமிர்ந்து போவேன்.

அந்த பாரில் குழாயடியில் ஒரு நீல டிரம், ஒரு மக். மக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், வருகிறவர்களுக்கெல்லாம் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தான். தமிழில் கேட்டேன். அரூர்ப் பக்கமாம். இந்த ஊர் பார்களில் மேஜைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒடிசா, அசாம், நேபாளம். கல்லாவில் இருக்கிற முதலாளி அநேகமாக மங்களூர், குந்தாபுரா பக்கத்துக்காரர். நடுவில் ஒரு தர்மபுரி மாவட்டத்துப் பையன் கிடைத்தால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரிதான். அவன்தான் என் மேஜைக்கும் வந்தான். லைம் சோடா, உப்பு மட்டும் என்றேன். கேட்காமலே வெள்ளரிக்காயை நீளநீளமாக நறுக்கி, மிளகாய்த்தூள் தூவிக் கொண்டுவந்து வைத்தான்.

நான் நோட்டை எடுத்து எழுதுவதைப் பார்த்துவிட்டு, "ஹெல்த் ஆபீசருங்களா அண்ணா?" என்றான். இல்லை என்று சொல்லி விஷயத்தை விளக்கினேன். அவன் தட்டைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

"அப்ப நல்ல கடைக்கும் ஒரு தடவ, நல்லா இல்லாத கடைக்கும் ஒரு தடவதானா?"

"ஆமாம்பா."

"அப்ப நல்ல கடைன்னு எழுதி வெச்சு என்னண்ணா பண்ணுவீங்க?"

அது 60ஆவது பாரோ 61ஆவதோ. அதுவரை என் ஏற்பாட்டில் எனக்குப் பெருமைதான். அவன் கேட்டுவிட்டுப் போன பிறகு சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் சரக்கு தானாக வந்தது. இன்னொரு மேஜையில் ரெண்டு பேர், பேசாமல், மொபைலைக்கூடப் பார்க்காமல், சும்மா இருந்தார்கள். சும்மா இருப்பதற்குத்தான் அவர்கள் வருகிறார்கள். அது முதல் நாளில் கிடைக்காது. முதல் நாள் எந்த பாரும் நம்மை விருந்தாளியாகத்தான் வைத்துக்கொள்ளும். நான் 290 இடத்தில் முதல் நாள் மட்டும் இருக்கப் போகிறவன். சோடாவைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். நோட்டில் அந்த பாருக்கு நேரே "நல்ல கடை" என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.

நிறுத்திவிடலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் பட்டியல் போட்டுவிட்டால் முடிக்காமல் விட எனக்கு வராது. தொழில் வியாதி.

ஏப்ரலிலிருந்து பார் திறக்காத நாட்களாக வந்தன. 26ஆம் தேதி பெங்களூரில் மக்களவைத் தேர்தல். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தின 48 மணி நேரம் மது விற்கக் கூடாது என்பது நாடு முழுக்க உள்ள சட்டம். அதில் இரண்டு ராத்திரி போயிற்று. ஜூன் முதல் வாரத்தில் கர்நாடகச் சட்ட மேலவைத் தேர்தல், மக்களவை வாக்கு எண்ணிக்கை என்று சேர்ந்துகொண்டு நாலு ராத்திரி. அக்டோபர் 2 வழக்கம் போல. இப்படி ஏதாவது தொடர்ந்து செய்ய நினைக்கிறவர்கள் நாள்காட்டியில் இவற்றை முதலிலேயே வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். நான் ஏப்ரல் 24 அன்று மூடிய ஷட்டருக்கு முன்னால் நோட்டோடு நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, என் நிலைமையைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மே 18 சனிக்கிழமை. அன்றைக்கு ஊருக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. சின்னசாமி மைதானத்தில் பெங்களூருக்கும் சென்னைக்கும் மேட்ச். சென்னை ஜெயித்தால் பிளே ஆஃப் போகும். சென்னை தோற்றாலும் 201 ரன் எடுத்துவிட்டால் போகலாம். சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பப்பின் மாடிப்படியில் இடம் கிடைத்தது. எங்கும் சிவப்புச் சட்டை. நான் பத்திரமாக ஊதாக் கட்டம் போட்ட ஆபீஸ் சட்டையில் போயிருந்தேன். பெங்களூர் 218. நடுவில் மழை. கடைசி ஓவரில் அந்த 201ஐத் தொட சென்னைக்கு 17 ரன் வேண்டும். முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார், 110 மீட்டர். என்னையறியாமல் எழுந்து கத்திவிட்டேன். அந்தப் படிக்கட்டில் கத்தியது நானும், கீழே தட்டுக் கழுவுகிற ஒரு பெண்ணும்தான். அடுத்த பந்தில் தோனி அவுட். 191இல் முடிந்தது.

அப்போது அந்த இடத்தில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. முன்பின் தெரியாத ஒரு பையன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அங்கிள், சென்னை நிறைய ஜெயிச்சாச்சு, எங்களுக்கு ஒன்னு விடுங்க" என்று ஆங்கிலமும் கன்னடமும் கலந்து சொல்லி, அவன் தட்டிலிருந்த ஃபிரெஞ்சு ஃபிரைஸை என் பக்கம் தள்ளினான். அதைச் சாப்பிட்டேன். தோற்ற ராத்திரியில் சோடா போதாது என்று அன்றைக்கு விதியை மீறினேனா என்று கேட்டால், இல்லை. அது சோடா நாள். போட்டோவும் அனுப்பினேன். மனைவி பதிலுக்கு அழுகிற முகம் போட்டாள், அது மேட்சுக்காக.

ஜூலையில் டெங்கு. அந்த வருஷம் பெங்களூரில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். மருத்துவமனையில் ரத்தம் எடுத்தபோது, மது பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். "தினமும் பாருக்குப் போவேன், குடிக்கமாட்டேன்" என்றேன். காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். ஈரல் அளவுகள் காய்ச்சலுக்கு ஏறத்தான் ஏறியிருந்தன. இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது இறங்கிவிட்டன. ஆனால் கொழுப்பு இறங்கவில்லை. வருஷக் கடைசியில் எடை 6 கிலோ கூடியிருந்தது. கபாப், சில்லி சிக்கன், கோபி மஞ்சூரி. ஈரலுக்குக் காவல் போட்டுவிட்டு இடுப்பைத் திறந்து விட்டிருந்தேன். திரும்பச் செய்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், பாரில் வெள்ளரிக்காயோடு நிறுத்திக்கொள்வேன்.

பணம்: எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய்ச் சொச்சம். சோடா ராத்திரிக்குச் சராசரி 190, குடித்த ராத்திரிக்கு 720. 57 ராத்திரி 233 ராத்திரியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே வாரப் பணத்தைக் கவரில் போட்டு வைத்து, பாரில் யு.பி.ஐ.யைத் தொடாமல் இருந்ததால்தான் இந்த அளவில் நின்றது. போனில் பணம் இருந்தால் இரண்டாவது ரவுண்டுக்கு விரல் மட்டும் போதும். கவரில் நோட்டு தீர்ந்துவிட்டால் எழுந்திருக்கத்தான் வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒன்று எழுதியாக வேண்டும். பப்புகளில் பெண்கள் தனியாகவும் கூட்டமாகவும் வருகிறார்கள். கீழ்த்தளத்து பார் அண்ட் ரெஸ்டாரன்டுகளில் தனியாக உட்கார்ந்திருந்த பெண் என்று ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன், நவம்பரில், ஸ்ரீராம்புரத்தில். சந்தையில் கீரை விற்றுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது; காலடியில் காலிக் கூடை. ஒரு நைன்டி, ஒரு அவித்த முட்டை, பத்து நிமிஷம். எழுந்து போனார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் யாரையும் பார்க்கவில்லை. என்னால் ஒரு வருஷத்தில் கற்றுக்கொள்ள முடியாததை அவர் சாதாரணமாகச் செய்துவிட்டுப் போனார்.

ஒரு நண்பர் புண்ணியத்தில் டிசம்பரில் பெங்களூர் கிளப்புக்கும் போனேன். 1868இல் தொடங்கியது, உறுப்பினர் கூட்டிப் போனால்தான் உள்ளே விடுவார்கள். வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே ராணுவத்தில் இருந்தபோது கிளப்புக்குக் கட்டாமல் விட்ட 13 ரூபாய், அவர்களுடைய பழைய பேரேட்டில் வாராக்கடன் பட்டியலில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு வாராக்கடனை மறக்காமல் வைத்திருக்கிற கணக்கை வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றைக்கு என் முறை நாள். ஒரு லார்ஜ் ரம் குடித்தேன். அந்த வருஷத்திலேயே மிகச் சுவையாக இருந்தது அதுதான் என்றால் மனைவி, "சர்ச்சில் கணக்குல எழுதினாங்களா?" என்று கேட்டாள்.

டிசம்பர் 31 அன்று கூட்டத்தைத் தவிர்க்க, மதியம் மூன்று மணிக்கே 290ஆவது பாருக்குப் போய்விட்டேன். ராத்திரி என்று எழுதிவிட்டேன். ஆடிட்டில் இது தேறாது.

ஜனவரி மூன்றாவது வாரம். கர்நாடகத்தில் பீர் விலையை ஏற்றியிருந்தார்கள், மெட்ரோவில் இரண்டு பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அல்சூரில் இறங்கி நடந்தேன். விதி முடிந்துவிட்டதால் எங்கே வேண்டுமானாலும் திரும்பப் போகலாம். நோட்டில் "நல்ல கடை" என்று எழுதியவை மொத்தம் 19. முதலில் எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அன்றைக்கு வாரத்தின் முறை நாளும்கூட. ஒரு நைன்டி சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

நீல டிரம் இல்லை, குழாயில் தண்ணீர் வந்தது. ஜன்னல் ஓரத்துப் பெரியவர் அதே இடத்தில் இருந்தார். அரூர்ப் பையனுக்கு மீசை அடர்த்தியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே போனான். வெள்ளரிக்காய்த் தட்டும் ஒரு டம்ளரும் வந்தன.

"லைம் சோடா. உப்பு மட்டும், சக்கரை வேணாம். சரிதானே அண்ணா?"

"சரிப்பா" என்றேன்.